மாட மதுரையும் ஒன்பது மீட்டரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியத்தில் மதுரை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மதுரையில் பிறந்து, மதுரையில் பயின்று, மதுரையிலேயே தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இதனினும் எளிய தலைப்பு வாய்க்காது. பரிபாடலிலிருந்து திருவிளையாடற் புராணம் வரை வகுப்பறையில் பலமுறை எடுத்தாண்ட குறிப்புகள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. அவற்றை அப்படியே கொண்டுவந்து பேசிவிட்டுப் போயிருப்பேன். ஆனால், இவ்விழாவிற்கு ஒப்புதல் அளித்ததற்கும் இன்று உங்கள் முன் நிற்பதற்கும் இடையே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. நான் பிறந்த தெருவில் ஒரு கூட்டம் நடந்தது. அக்கூட்டத்தில் ஒரு மூதாட்டி என்னை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடை கூற இயலாமல் நின்றேன். அன்று சொல்ல இயலாத விடையைத் தேடியதன் பயனே இவ்வுரை. எனவே, தந்த தலைப்பிலிருந்து சற்று விலகுவதற்கு அவையினர் பொறுத்தருள வேண்டும்.

ஊரும் வரம்பும்

மதுரையின் அமைப்பை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் இந்நூலைப் பின்னாளில் படிப்போருக்காகச் சுருங்கச் சொல்கிறேன். நடுவே மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில். கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அவற்றையும் சுற்றி மாசி வீதிகள், இறுதியாக வெளி வீதிகள். சதுரத்திற்குள் சதுரமாக அமைந்த இவ்வீதிகள் பெரும்பாலும் மாதங்களின் பெயர் தாங்கியவை. மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. அதனால்தான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது. பெயர் ஒன்று, நடப்பது வேறொன்று எனினும் ஊர் குழம்பவில்லை. மாற்றத்தை ஏற்றுக்கொண்டு பழைய பெயரையும் விடாமல் வைத்துக்கொள்வது மதுரையின் இயல்பு.

இக்கோயிலின் தெற்குக் கோபுரம் 150 அடியைத் தாண்டும் உயரமுடையது. அதனைச் சுற்றியுள்ள வீடுகளும் கடைகளும் கோபுரத்தின் காலடியில் தாழ்ந்து நின்றமையால்தான் எட்ட இருந்து வருவோர்க்கும் கோபுரம் தெரிந்தது. அந்நிலை மாறிவருவதைக் கண்டே, கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் ஒன்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கட்டடம் எழுப்பலாகாது எனத் தொண்ணூறுகளில் அரசாணை பிறந்தது. ஒன்பது மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பது அடி. தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் எனக் கொள்ளலாம்.

இதனை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டரைத் தாண்டிய கட்டடத்தையே உயர்மாடிக் கட்டடம் என்று வகுத்தன. அதாவது, ஊருக்கு வெளியே உயரம் குறைந்தது என்று சட்டம் கருதும் கட்டடத்தில் பாதி அளவே ஊருக்கு நடுவே அனுமதிக்கப்பட்ட உயரம். ஆனால், ஊரின் நடுவில்தான் நிலத்தின் விலை மிகுதி, வணிகம் மிகுதி, நாள்தோறும் வந்திறங்கும் பயணியர் மிகுதி. விலை மிகுந்த மண்ணில் உயரத்திற்குத் தடை இருந்தால் என்ன நிகழும் என்பதை ஊகிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வரம்பு மீறப்பட்டது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடந்து அண்ணாந்து பார்ப்போர்க்கு நான் புள்ளிவிவரம் கூற வேண்டியதில்லை. 2004-இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை அமைந்தபின், இவ்வரம்பு மீறல் தொடர்பான பொதுநல வழக்குகளும் அங்கே ஏறின. சட்டம் ஒருபுறமும் செங்கல் ஒருபுறமும் வளர்ந்துகொண்டே இருந்தன.

தெருக் கூட்டம்

தெற்கு மாசி வீதிக்கும் தெற்கு வெளி வீதிக்கும் இடையே உள்ள சந்துகளுள் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. பதினான்கு அடி அகலம், எழுபது அடி நீளம். ஓட்டுத் திண்ணை, ரேழி, சிறு முற்றம், பின்கட்டு, மேலே ஒரு மச்சு. தேக்கு உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு என் பாட்டனார் காலத்தில் எழுந்தது. சந்தின் அகலம் பத்தடிதான். தந்தையார் மறைந்தபின் அவ்வீடு எனக்கும் என் தம்பியர் இருவருக்கும் பொதுவாயிற்று.

எங்கள் வீட்டையும் அடுத்துள்ள இரண்டு வீடுகளையும் சேர்த்து வாங்கி, ஆறு மாடியில் ஒரு தங்கும் விடுதி கட்ட ஒருவர் முன்வந்தார். ஒன்பது மீட்டர் வரம்பு என்னாயிற்று என்று என் மூத்த தம்பி கேட்டபோது, "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று விடை வந்தது. செய்தி தெருவில் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருமுனைப் பிள்ளையார் கோயில் முன்பு நாற்பது பேர் கூடினர். பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்கள்.

முதலில் பேசியவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். அறுபது ஆண்டுகளாகக் காலையில் மொட்டைமாடியில் நின்று தெற்குக் கோபுரத்தைப் பார்த்துக் கைகுவித்தபின்பே காப்பி குடிப்பவர். மாசி வீதியில் எழுந்த ஒரு விடுதியால் கோபுரத்தின் கீழ்நிலைகள் மறைந்துவிட்டன. இப்போது கலசங்களை மட்டும் பார்த்துக் கும்பிடுவதாகக் கூறினார். இது வெறும் பக்தி என்று சிலர் சிரித்தனர். ஆனால் அவர் தொடர்ந்து சொன்னது பக்தி அன்று. "ஆறு மாடியில அறுபது அறை இருக்கும். அறுபது குளியலறைத் தண்ணி எந்தச் சாக்கடையில போகும்? இப்ப இருக்கிற குழாய் எந்தக் காலத்துல போட்டது?" என்றார். சிரிப்பு நின்றது.

அடுத்துப் பேசியவர் நகைப் பட்டறை வைத்திருப்பவர். இந்தச் சந்தில் பட்டறை நடப்பதே ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்கு நடந்துபோகும் தொலைவில் இருப்பதால்தான் என்றார். விடுதி வந்தால் வாடகை ஏறும். பட்டறை ஊருக்கு வெளியே போகும். தம்மிடம் வேலை செய்யும் நால்வரில் மூவர் பேருந்துச் செலவுக்கு அஞ்சி வேறு வேலை தேடுவர் என்று கணக்குச் சொன்னார்.

மூன்றாமவர் இளைஞர். எதிர்வீட்டுக்காரர். அவர் குரலில் சினம் இருந்தது. அவருடைய பாட்டன் கட்டிய வீடு நான்கு பாகமாகி, அவர் குடும்பத்துக்கு வந்தது ஒரு கூடமும் ஓர் அடுக்களையும். "கோபுரத்தைப் பாத்தா வயிறு நெறஞ்சிருமா? மெயின் ரோட்டுல காசு இருக்கிறவன் எத்தனை மாடி வேணாலும் கட்டுறான். நாங்க ஒரு மாடி எடுத்தா மட்டும் நோட்டீஸ் ஒட்டுறாங்க. சட்டம்னா எல்லாருக்கும் இருக்கணும். இல்லைன்னா யாருக்கும் வேணாம்" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையசைத்தனர்.

பின்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, பக்கத்து வளவில் குடக்கூலிக்கு இருப்பவர், மெல்லச் சொன்னார்: "ஒசரமா கட்டினாலும் சரி, குட்டையாவே விட்டாலும் சரி, எங்களைக் காலி பண்ணச் சொல்லும்போது யாரும் கூட்டம் போடப்போறதில்லை." அவருக்கு ஒருவரும் விடை கூறவில்லை. அதனை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். தெருவில் பிறந்து 'முனைவர்' பட்டம் பெற்ற பெண் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. நானும் பேசினேன். மதுரையைத் தாமரைப் பூவாகக் கண்ட பரிபாடற் புலவரைப் பற்றிச் சொன்னேன். ஊர் பூவாகவும் தெருக்கள் இதழ்களாகவும் நடுவிலுள்ள கோயில் பொகுட்டாகவும் அவர் கண்ட காட்சியை விரித்துரைத்தேன். இதழ்கள் பொகுட்டினும் ஓங்கி வளர்ந்தால் அது பூவாகாது என்றேன். கைதட்டல் எழுந்தது. மனநிறைவோடு அமர்ந்தேன்.

அப்போதுதான் அடுத்த வீட்டு மூதாட்டி எழுந்தார். கைம்பெண். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். குழந்தையாக இருந்தபோது என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தேர் காட்டியவர். அவர் கேட்டார்:

"பாட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நீ இப்ப எங்க குடியிருக்க?"

"வைகைக்கு அந்தப் பக்கம், அத்தை. அடுக்ககத்துல."

"எத்தனாவது மாடி?"

"நாலாவது."

"லிப்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சரி" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

பிறகு எழுந்து, தம் வீட்டு உத்திரத்தைக் கறையான் அரித்திருப்பதையும், மழைக்காலத்தில் மூன்று இடங்களில் பாத்திரம் வைத்துத் தூங்குவதையும், சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிக் கிடைக்காததையும் சொன்னார். குறை சொல்லும் தொனியில் அன்று. செய்தி சொல்லும் தொனியில்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாழ்ந்த வீடுகளின் அழகைப் பாடியவள் நான்காம் மாடியில் குழாய்த் தண்ணீரோடும் மின்தூக்கியோடும் வாழ்கிறேன். அவ்வழகின் விலையை ஒழுகும் கூரையின் கீழ் ஒரு முதியவள் செலுத்துகிறாள். நான் எடுத்துக்காட்டிய இலக்கியம் என் பக்கம்தான் நிற்கிறதா என்னும் ஐயம் எழுந்தது. நூல்களை மீண்டும் எடுத்தேன்.

புலவர்கள் உயரத்தை வெறுத்தார்களா?

நான் அன்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடைய நெடும்பாட்டு. அதில் மதுரையின் வீடுகள் வானத்தில் மூழ்குமளவு உயர்ந்தவையாகப் புகழப்பெறுகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தம் மணவாழ்வைத் தொடங்குவது குடிசையில் அன்று. நெடிய மாடத்தின் இடைநிலையில். மதுரைக்கு 'மாட மதுரை' என்றும் 'நான்மாடக்கூடல்' என்றும் பெயர். மாடம் நம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அவ்வாறிருக்க, மாடத்தை எதிர்ப்பதற்குச் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தது என் பிழை. நமக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டாத வரியை விட்டுவிடுவது ஆராய்ச்சி ஆகாது என்று மாணவர்க்குக் கற்பிப்பவள் நான்.

ஆனால், மதுரைக்காஞ்சியை முழுமையாகப் படிக்கும்போது மற்றோர் உண்மை புலனாகிறது. வானளாவும் வீடுகளைச் சொல்லும் அதே இடத்தில் புலவர் இரண்டைச் சேர்த்தே சொல்கிறார். ஒன்று, அவ்வீடுகளில் பல சாளரங்கள். அவற்றின் வழியே மெல்லிய காற்று ஒலிக்கிறது. மற்றொன்று, அவ்வீடுகள் நின்ற தெரு. அது ஆறு கிடந்தாற்போல் அகன்று நீண்டது. சிலப்பதிகார மாடத்திலும் சாளரத்தின் வழியே தென்றல் நுழைகிறது. உயரம் எங்கே புகழப்பெறுகிறதோ அங்கே காற்றும் அகலமும் உடன் வருகின்றன. உயரம் தனியே ஒரு சிறப்பாகவோ தனியே ஒரு குற்றமாகவோ எண்ணப்படவில்லை. தெருவின் அகலத்துக்கும் வீட்டின் உயரத்துக்கும் உள்ள பொருத்தமே அங்கு அழகு.

இப்பொருத்தத்தை எங்கள் சந்தில் வைத்துப் பாருங்கள். பத்தடி அகலமுள்ள சந்தில் முப்பது அடி வீடு நின்றாலே நண்பகலில் மட்டும்தான் தரையில் வெயில் விழும். அறுபது அடிக்கு எழுந்தால் அதுவும் விழாது. எதிர்வீட்டு இளைஞரின் கூடத்தில் பகலிலும் விளக்கெரிய வேண்டும். இன்றைய கட்டட விதிகளும் உயர்மாடிக் கட்டடத்திற்கு முன்னுள்ள சாலை இத்தனை மீட்டர் அகலமுடையதாக இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கின்றன. புலவர் காட்சியாகக் கண்டதைப் பொறியாளர் எண்ணாக எழுதியிருக்கிறார்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியதை ஊரே கண்ணீரோடு பார்த்தது. 2020-இல் தீபாவளியையொட்டி விளக்குத்தூண் பகுதியில் ஒரு துணிக்கடை எரிந்தபோது, அது இயங்கிய பழைய கட்டடம் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சி இரு தரப்பாருக்கும் பாடம் சொல்கிறது. நெருக்கமான தெருவில் மேலும் மேலும் அடுக்காதீர்கள் என்று ஒரு தரப்பாருக்குச் சொல்கிறது. பழைய கட்டடம் என்பதனாலேயே அது போற்றத்தக்கதாகிவிடாது; பழுது பார்க்கப்படாத தொன்மை கொல்லும் என்று மறு தரப்பாருக்குச் சொல்கிறது. அடுத்த வீட்டு அத்தையின் கறையான் அரித்த உத்திரம் என் நினைவில் வந்து நிற்கிறது.

ஆலவாய் உணர்த்தும் எல்லை

எல்லை என்னும் கருத்தும் நமக்குப் புதிதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'திருவாலவாயான படலம்' என்று ஒரு படலம் உண்டு. பெருவெள்ளத்திற்குப் பின் வங்கிய சேகர பாண்டியன் காலத்தில் மக்கள் பெருகுகின்றனர். குடியிருக்க இடம் போதவில்லை. நகரின் பழைய எல்லை எது என்று அரசன் இறைவனை வேண்டுகிறான். இறைவன் சித்தராய் வந்து, தம் கையிலணிந்த பாம்பை ஏவுகிறார். அது வாலை வாயிற் கவ்வி வட்டமாய்க் கிடந்து எல்லை காட்டுகிறது. அவ்வெல்லையில் பாண்டியன் மதில் எடுக்கிறான்.

இக்கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும், எல்லை தேவைப்பட்டதற்குக் காரணம் மக்கட்பெருக்கமும் இடநெருக்கடியும் என்பதை இப்போதுதான் அழுத்தமாக உணர்ந்தேன். மக்களை விலக்குவதற்காக அங்கே எல்லை வகுக்கப்படவில்லை. மக்கள் நெறியோடு குடியிருப்பதற்காக வகுக்கப்பட்டது. இன்னொன்று: அந்த எல்லை வட்டம். பணமுள்ளவன் வாசலில் வளைந்துகொடுக்கும் கோடு அன்று. எதிர்வீட்டு இளைஞர் கேட்டது இதைத்தான். எல்லையின் மேல் அவருக்குப் பகையில்லை. எல்லை ஒருவருக்கு மட்டும் இருப்பதன் மேல்தான் பகை.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இதே பாடம். நாயக்கர் காலக் கோட்டையின் மதில் இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1840-களில், பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்தபோது மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்நிலத்தில் புதிய வீதிகள் எழுந்தன. அப்பணியில் ஈடுபட்டோரின் பெயர்களைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. எங்கள் சந்து இருக்கும் நிலமும் அந்த மதிலோரப் பகுதியே. தொன்மை என்று சொல்லி நாங்கள் காக்க விரும்பும் தெருவே ஒரு காலத்தில் புதுக் குடியேற்றமாக இருந்தது. அன்று மதில் இடிந்தபோது வருந்திய ஒரு பெரியவர் இருந்திருப்பார். வீடு கிடைத்ததே என்று மகிழ்ந்த ஓர் இளைஞரும் இருந்திருப்பார். இருவரும் மதுரைக்காரர்களே.

பிற ஊர்கள் கற்பிப்பது

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் என்னும் பழைய நகரம் உள்ளது. நம் மக்கள் கடல் கடந்து சென்று கடை வைத்த 'லிட்டில் இந்தியா'வும், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அங்கே இருக்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏற்றியது. உடனே அங்கும் உயர்ந்த விடுதிக் கட்டடங்கள் குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. மரபுப் பகுதிக்கு 18 மீட்டர் உயர வரம்பு பேசப்பட்டது. ஆனால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொன்று நிகழ்ந்துவிட்டிருந்தது. பழைய வீடுகளில் குடியிருந்தோரைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தோர் பலர் வெளியேறினர். கட்டடம் நின்றது, குடி போயிற்று. எங்கள் தெருக் கூட்டத்தில் பின்வரிசைப் பெண்மணி சொன்னதும் ஜார்ஜ் டவுன் கண்டதும் ஒன்றே. உயரத்தை மட்டும் பேசுகிறவர்கள் உள்ளே வாழ்வோரை மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் மும்பை நகரம் 1995-இல் மரபுக் கட்டடங்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. மரபுக் கட்டடத்தின் உரிமையாளர் தம் மனையில் கட்ட இயலாமற் போகும் பரப்பை நகரின் வேறு பகுதியில் பயன்படுத்தும் உரிமையாக மாற்றி விற்க அங்கே வழி செய்யப்பட்டது. அதன் நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் அதன் அடிப்படை அறம் தெளிவானது. ஊர் முழுவதும் கண்டு மகிழும் ஓர் அழகுக்காக ஒருவர் தம் வருவாயைத் துறக்க வேண்டுமானால், அவ்விழப்பை ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும். கோபுரத்தைக் காண்பது அனைவர்க்கும் இன்பம். அதற்கான விலையை அடுத்த வீட்டு அத்தை மட்டும் கொடுப்பது முறையாகாது.

கூட்டம் முடிவெடுத்தது

முதற் கூட்டத்திற்குப் பின் மேலும் இரண்டு கூட்டங்கள் நடந்தன. இரண்டாம் கூட்டத்தில் பின்வரிசைப் பெண்மணியை முன்வரிசையில் அமரச் செய்தோம். மூன்றாம் கூட்டத்தின் முடிவில் மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் எழுதிய முதல் வரைவில் பரிபாடல் இருந்தது. அத்தை அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் மூன்று வேண்டுகோள்கள் உள்ளன. முதலாவது, ஒன்பது மீட்டர் வரம்பு இருக்கட்டும். ஆனால் பெரு வீதியில் மீறியவர்மேல் நடவடிக்கை எடுத்தபின் சந்துக்கு வாருங்கள். இரண்டாவது, வரம்புக்கு உட்பட்டு வாழும் பழைய வீடுகளைப் பழுது பார்க்கக் குறைந்த வட்டியில் கடனும் சொத்துவரியில் சலுகையும் தாருங்கள். சுண்ணாம்புக் காரை வேலையை இளைஞர்க்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாவது, எந்த வீடு இடிக்கப்பட்டாலும் அதில் குடியிருப்போருக்கு மாற்றிடம் காட்டாமல் அனுமதி வழங்காதீர்கள். முப்பத்தொரு பேர் கையொப்பமிட்டனர். ஒன்பது பேர் மறுத்தனர். மறுத்தவருள் எதிர்வீட்டு இளைஞர் ஒருவர். "மொத நிபந்தனை நடக்கட்டும், அப்புறம் போடுறேன்" என்றார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்திற்கு விடை இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாது விட்டால் இவ்வுரை நேர்மையுடையதாகாது. மூத்த தம்பி விற்க விரும்பவில்லை. இளைய தம்பிக்குத் தொழிலில் கடன். விடுதிக்காரர் தரும் தொகை அவனைக் கரையேற்றும். அவன் தேவை பொய்யன்று. என் வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் பெற்று அவன் பங்கை நானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். விடுதிக்காரர் தருவதில் ஏறத்தாழ பாதிதான் என்னால் இயலும். அவன் எண்ணிச் சொல்வதாகக் கூறியிருக்கிறான். நாங்கள் விற்றால் பொதுச்சுவர் போகும். சுவர் போனால் அத்தையின் வீடு நிற்காது. இது அவனுக்கும் தெரியும். அத்தை தூக்கிச் சென்று தேர் காட்டிய பிள்ளைகளில் அவனும் ஒருவன். எனினும் கடன்காரர் வாசலில் நிற்கும்போது தேரை நினைத்துக்கொள் என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மாடம் என்பது என்ன?

நிறைவாக, நம் ஊர்ப்பெயரின் கதையொன்றைச் சொல்லி அமைகிறேன். வருணன் ஏவிய மேகங்கள் மதுரையை அழிக்கும்படி மழை பொழிந்தபோது, சொக்கநாதர் தம் சடையிலிருந்து நான்கு மேகங்களை விடுத்தார். அவை நான்கு மாடங்களாகி ஊரை மூடி மழையைத் தடுத்தன. அதனால் மதுரை நான்மாடக்கூடல் ஆயிற்று என்று திருவிளையாடற் புராணம் கூறும். இதனைப் பெயர்க்காரணக் கதை என்று வகுப்பில் கடந்து போயிருக்கிறேன். இன்று வேறாகப் படிக்கிறேன். உயர்ந்தெழுந்த அந்த நான்கு மாடங்களும் தம்முள் இருப்போரின் இன்பத்திற்காக எழவில்லை. கீழே இருந்தோர் நனையாதிருக்க எழுந்தன. அதனால்தான் ஊர் அவற்றின் பெயரைத் தன் பெயராக ஏற்றது.

இனி எழும் எந்தக் கட்டடத்தையும் இக்கேள்வியால் அளந்து பார்க்கலாம் என்று கருதுகிறேன். இது எத்தனை மீட்டர் என்று கேட்பதோடு, இதன் கீழ் வாழ்வோர்க்கு இது என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும். பழைய வீட்டையும் இதே கேள்வியால்தான் அளக்க வேண்டும். ஒழுகும் தொன்மைக்கும் ஒளிமறைக்கும் புதுமைக்கும் இக்கேள்வியின் முன் சலுகை இல்லை.

பத்து ஆண்டுகளாக நூல்களைப் படித்து விவாதித்த நம் இலக்கிய வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நூல்களோடு தெருக்களையும் படிப்போம். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளின் அகலத்தையும், வீட்டுப் பகுதிகளுக்கு அங்கு வழங்கும் சொற்களையும், அங்கே வாழ்வோர் சொல்வதையும் மாணவர்களைக் கொண்டு எழுதி வைப்போம். உரிமையாளர் சொல்வதோடு குடக்கூலிக்கு இருப்போர் சொல்வதையும் எழுதுவோம். எந்த முடிவு வந்தாலும், யாரைக் கேட்டு வந்தது என்பதற்கு ஒரு சான்று இருக்கும்.

இன்று என் அடுத்த வீட்டு அத்தையும் பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார்.